வீட்டுக்கு ஒரு ஆள்

சிமி பதவிக்கு முதலில் சொன்னது என் பெயரைத்தான். நான்தான் நழுவினேன். இதை மறைத்துப் பயனில்லை. எங்கள் ஊர் கோம்ஷிங்கில் எல்லோருக்கும் தெரியும்.

மோட்டார் சாலை எங்கள் பள்ளத்தாக்குக்கு வராத காலம் அது. தலைநகர் திம்புவில் பேரவை கூடும்போது எங்கள் ஊருக்கும் பக்கத்து மூன்று ஊர்களுக்கும் சேர்த்து ஒரு ஆள் போய் உட்கார வேண்டும். அவர்தான் சிமி, மக்கள் பிரதிநிதி. மூன்று வருஷப் பதவி. சொல்லும்போது பெருமையாக இருக்கும். ஆனால் மூன்று நாள் மலையிறங்கி நடக்க வேண்டும். அப்புறம் மூன்று நாள் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போக வேண்டும். அதுவும் நெல் அறுப்பு நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

நான்கில் பெரிய ஊர் என்பதால் ஆளைப் பொறுக்குவது நாங்கள்தான். கோயில் முற்றத்தில் ஊர்க்கூட்டம். வழக்கம்போல் பாதிக்கு மேல் பெண்கள். கூட்டம் என்றால் ஆண்கள் வீட்டுப் பெண்களை அனுப்பிவிட்டு அரா சாராயம் குடிக்கப் போய்விடுவார்கள். எங்கள் குப், அதாவது ஊர்த்தலைவர், நிதுப் சாங்போ வெற்றிலையை மென்றுகொண்டே ஆரம்பித்தார்.

"துக்தென் போகட்டும். அஞ்சு வருஷம் மடத்துல இருந்தவன். எழுதப் படிக்கத் தெரியும்."

"என் மாடு கன்னு போடப் போகுது" என்றேன்.

"யார் மாடு?" என்றது ஒரு குரல். "மாடு பெல்மோவோடது. கன்னும் பெல்மோவோடது. நீ அந்த வீட்டுல சாப்பிடற ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடும் நிலமும் பெண்ணுக்குத்தான். நான் வீட்டோடு மாப்பிள்ளை. இந்தக் கேலி எனக்குப் பழகிப்போனது.

"அப்ப பெல்மோவை அனுப்பிடுவோம். மாட்டை இவன் பாத்துக்கட்டும்" என்றான் இன்னொருவன். இன்னும் பெரிய சிரிப்பு.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்தாள். யெஷே பெல்மோவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. உயரம் கிடையாது. குரல் மட்டும் எதிர்மலையில் மேயும் மாட்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல்.

"சரி. நான் போறேன்."

"ஏம்மா, விளையாட்டுக்குச் சொன்னாங்க" என்றார் குப்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லல. வேற யாராச்சும் போறதா இருந்தா எழுந்திரிங்க. நான் உக்காந்துக்கறேன்."

ஒருவரும் எழவில்லை. எனக்கும் தரை ரொம்பப் பிடித்திருந்தது. அப்படித்தான் அவள் சிமியானாள்.

வீட்டுக்கு நடக்கும் வழியில், "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டேன்.

"நெல்லை நீ அறுத்துடுவ இல்ல?"

"அறுப்பேன். அங்க போய் என்ன பேசுவ?"

"தும்ச்சோவைப் பத்திப் பேசுவேன்."

தும்ச்சோ எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். புருஷன் மூங்கில் வெட்டப் போன இடத்தில் பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனான். இரண்டு சின்னக் குழந்தைகள். அரசாங்க வேலைக்கு, அதாவது பாதை வெட்ட, பள்ளிக்கூடம் கட்ட, கோட்டைக் கூரை மாற்ற, வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும் என்பது விதி. கூலி கிடையாது. குப் வீட்டில் அண்ணன் தம்பி, மகன்கள் என்று ஐந்து ஆண்கள். அங்கிருந்தும் ஒரு ஆள். தும்ச்சோ வீட்டில் அவள் ஒருத்தி; அங்கிருந்தும் ஒரு ஆள். அந்த வருஷம் அவள் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் கோட்டை வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது காட்டுப்பன்றிகள் மக்காச்சோளத்தை மொத்தமாக முடித்திருந்தன. வயலில் தட்டை கூட நிற்கவில்லை.

"இது விதி பெல்மோ. எல்லா ஊர்லயும் இதான்" என்றேன்.

"எல்லா ஊர்லயும்னா, எல்லா ஊருக்கும் சேத்துச் சொல்ற இடத்துலதானே பேசணும்?"

கிளம்புவதற்கு முன் இருபது நாள் அவளுக்கு அரசாங்க மொழியான ஜோங்காவைச் சொல்லிக்கொடுத்தேன். பேரவையில் எங்கள் கிழக்கத்திப் பேச்சு எடுபடாது. ஜோங்காவில் பெரியவர்களின் தலைக்கு ஒரு சொல், நம் தலைக்கு ஒரு சொல். அவர்கள் சாப்பிடுவது வேறு, நாம் சாப்பிடுவது வேறு. பெல்மோ தானியம் புடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். சலிப்பு வந்தால், "அவங்களுக்கு எத்தனை உடம்புடா!" என்பாள்.

முதல் கூட்டத்தில் நடந்ததை அவளே வந்து சொன்னாள். பெரிய மண்டபம். ஒரு பக்கம் துறவிகள், ஒரு பக்கம் அதிகாரிகள், நடுவில் நூற்றுக்கு மேல் சிமிகள். பெண்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். நான்காம் நாள் அவள் முறை வந்தது. எழுந்து வேலை விதியைப் பற்றி ஆரம்பித்தாள். பாதி வழியில் நாக்கு புரண்டது. கல்லுடைக்கும் ஆட்களின் கைக்கு மரியாதைச் சொல்லைப் போட்டுவிட்டாள். உத்தரவில் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளின் கைக்கு நாங்கள் மாட்டுக்காரன் கைக்குச் சொல்லும் வெறும் சொல்லைச் சொல்லிவிட்டாள்.

மண்டபமே சிரித்தது. மேற்குப் பள்ளத்தாக்கு ஒன்றிலிருந்து வந்திருந்த ஆப் காடோ என்ற கிழட்டுச் சிமி, "மாத்திச் சொல்லும்மா, மாத்திச் சொல்லு!" என்று கையை ஆட்டினார்.

பெல்மோ சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"வேலை செய்யற கைக்கு மரியாதைச் சொல் போட்டது தப்புன்னா, தப்பாவே இருக்கட்டும். மாத்த மாட்டேன்" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் காரியம் ஒன்றும் நடக்கவில்லை. விதி பழையது, எல்லோருக்கும் பொது என்று பதில் சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அவள் ஊர் திரும்புவதற்குள் செய்தி வந்துவிட்டது. எங்கள் குப் அதை நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். நான் வெண்ணெய்த் தேநீர் ஊற்றினேன்.

"சிமியம்மா, உனக்கு ஒரு விஷயம் தெரியல. சிமி வீட்டுக்கு அரசாங்க வேலை கிடையாது. நீ இனிமே ஆள் அனுப்ப வேணாம். துக்தென் நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முகத்தில் காட்டாமல் இருக்கப் பாடுபட்டேன்.

"எங்க வீட்டு ஆளை யார் வீட்டுல இருந்து ஈடு கட்டுவீங்க?" என்று கேட்டாள் பெல்மோ.

"அதை நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கறதைத்தான் இத்தனை வருஷமாப் பாக்கறேனே."

குப் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா நல்லது" என்றார். சொன்னது அவளிடம். பார்த்தது என்னை.

அடுத்த மாதம் ஆற்றோரப் பாதைக்குச் சுவர் கட்டும் வேலை வந்தது. வீட்டுக்கு ஒரு ஆள். எங்கள் வீட்டுக்கு விலக்கு. பெல்மோ காலையில் எழுந்து மக்காச்சோளக் குருணையும் மிளகாயும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தும்ச்சோ வீட்டு வாசலில் நின்று, "நீ வயலுக்குப் போ. உன் வீட்டு ஆள் நான்" என்றாள். தும்ச்சோ கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தாள். பெல்மோ அதற்குள் கீழே இறங்கியிருந்தாள்.

வேலையிடத்தில் பேர் கூப்பிட்டபோது தும்ச்சோவின் பேருக்குக் கை தூக்கினாள். குப்பின் தம்பிதான் மேற்பார்வை. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் என்றுதான் விதி. எந்த ஆள் என்று அதில் இல்லை. நாலு நாள் அவள் கல் சுமந்தாள். ஐந்தாம் நாள் மாவட்டத் தலைவர் வேலையைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு கொடுக்க நானும் போயிருந்தேன். அதனால் கண்ணால் பார்த்தேன். தாஷோ, பெரிய அதிகாரிகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், குதிரையிலிருந்து இறங்கினார். ஆண்கள் வேலையை விட்டுவிட்டுக் குனிந்து நின்றார்கள். பெல்மோ பையிலிருந்து தன் தோள்துண்டை எடுத்து உதறி இடது தோளில் போட்டாள். சிமியாகத் திம்பு போனபோது அணிந்த அதே சிவப்புத் துண்டு. போட்டுக்கொண்டு, கயிற்றை மாட்டி, கல்லை முதுகில் ஏற்றி, தாஷோவின் முன்னால் நடந்து வந்தாள்.

"யார் இது?" என்றார் தாஷோ.

கூட வந்திருந்த குப்புக்கு முகம் கறுத்துவிட்டது. "நம்ம சிமி, தாஷோ. துண்டைக் கழட்டு! மண்ணாகுது பாரு, கழட்டு!"

"அதிகாரி முன்னாடி துண்டு இல்லாம நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே ஊருக்கே சொன்னீங்க?" என்றாள் பெல்மோ.

"அப்ப கல்லைக் கீழ வையி!"

"கல்லை வெச்சா வேலை நின்னுடும். வீட்டுக்கு ஒரு ஆள் ஆச்சே."

தாஷோ வயதில் சின்னவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் என்று சொல்வார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அத்தனை பேர் எதிரில் என்ன செய்வார்?

"இந்தத் துண்டு எதுக்காகக் குடுத்ததுன்னு தெரியுமா?" என்று கேட்டார். குரலில் கோபம் ஏறியிருந்தது.

"தெரியும் தாஷோ. மக்கள் பேரால குடுத்தது. மக்கள் இங்கதான் கல் சுமக்கறாங்க."

தாஷோ சுவரைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. குதிரையில் ஏறிப் போய்விட்டார். பெல்மோ கல்லைக் கொண்டுபோய்ச் சுவரோரம் இறக்கினாள். நான் பக்கத்தில் போனேன்.

"கிட்ட வராதே. அழுதுடுவேன்" என்றாள். "சோத்தை வெச்சுட்டுப் போ."

பத்து நாளில் தாஷோவின் அலுவலகம் இருந்த கோட்டையிலிருந்து கடிதம் வந்தது. பிரதிநிதியின் மரியாதைக்குப் பொருந்தாத நடத்தை. ஊர் கூடி, இவரே தொடரட்டுமா, வேறு ஆளா என்று முடிவு செய்து எழுதி அனுப்ப வேண்டும். குப் அதைக் கோயில் முற்றத்தில் இரண்டு முறை சத்தமாகப் படிக்க வைத்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாட்டுக்கொட்டிலில் என்னைப் பிடித்தார். கையில் காய்ந்த மாட்டிறைச்சி, பழுத்த பாக்கு.

"துக்தென், உன் பொண்டாட்டி பாவம், எதுக்கு அலையணும்? நாளைக்கு உங்க வீட்டுக்காக நீதான் பேசணும், அவளைப் பத்தின விஷயம்னால. வீட்டு வேலை முடியல, அவ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. அடுத்த சிமி நீயே. என் கோவேறு கழுதை ஒண்ணையும் வெச்சுக்கோ."

யோசிக்கிறேன் என்றேன். உண்மையிலேயே யோசித்தேன். இத்தனை வருஷமாக ஊருக்குள் யாருடனும் சண்டையில்லாமல் இருந்த மனிதன் நான். இப்போது தண்ணீர் பிடிக்கப் போனாலும் பேச்சு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் போய் அவளிடம் அப்படியே சொன்னேன்.

பெல்மோ அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "எந்தக் கழுதை?"

"அந்தப் பழுப்பு."

"அதுக்கு ஒரு கண்ணு தெரியாது."

"தெரியாதுதான்."

"இறைச்சியாவது நல்லா இருக்கா?"

அவ்வளவுதான் பேசினாள். என்னிடம் ஓட்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கோபித்துக்கொண்டு முரண்டு பிடித்திருப்பேன்.

மறுநாள் ஐம்பத்தெட்டு வீடுகளும் வந்திருந்தன. ஆண்களும் அன்றைக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு குரல். பெல்மோ தொடர வேண்டும் என்பவர்கள் எழுந்து ஸ்தூபிப் பக்கம் போக வேண்டும். வேண்டாம் என்பவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம். குப் யோசித்துத்தான் அப்படி வைத்திருந்தார். உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுலபம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

யாரும் அசையவில்லை. பெல்மோ தனியாக நின்றுகொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். இருபதடிதான் தூரம். கீழே விழுந்தால் அதையே பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார்கள் என்ற பயத்தில்தான் நேராக நடந்தேன்.

"பொண்டாட்டி கூப்பிட்டா போய்த்தானே ஆகணும், வீட்டோட மாப்பிள்ளை!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

நான் திரும்பினேன். "ஆமாண்டா. உங்க வீட்டுலயும் நீங்க மாப்பிள்ளைங்கதான். நீங்க என்ன, வீட்டைத் தலையில சுமந்துக்கிட்டா வந்தீங்க?" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம்.

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடேயே ஒருத்தி எழுந்தாள். மேல்தெருத் தச்சன் எழுந்தான். பிறகு இரண்டு மூன்று பேராக வந்தார்கள். எண்ணி முடித்தபோது ஸ்தூபிப் பக்கம் முப்பத்திரண்டு வீடுகள். மிச்சம் இருபத்தாறு உட்கார்ந்திருந்தன.

அந்த இருபத்தாறில் தும்ச்சோவும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "அவளுக்காகத்தானே கல் சுமந்தே! தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கா!"

"அவ வயலுக்குத் தண்ணி யார் வாய்க்கால்ல இருந்து வருது?" என்றாள் பெல்மோ.

"குப் வாய்க்கால்."

"அப்புறம் என்ன? எழுந்திரிச்சிருந்தா நாத்து காஞ்சிருக்கும். பயப்படாம இருந்தாத்தான் உதவி செய்வேன்னு நான் எங்கேயும் சொல்லலையே."

மறுநாள் தும்ச்சோ முட்டை கொண்டுவந்து வாசலிலேயே நின்றாள். பெல்மோ அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

இரண்டாவது தடவை திம்புவுக்குப் போவதற்கு முன் அவள் என்னை வேலைக்கு வைத்தாள். "மடத்துல கத்துக்கிட்ட எழுத்து சும்மாதானே கிடக்கு" என்றாள். நான்கு ஊர்களிலும் வீடு வீடாகப் போய் எழுதினேன். எந்த வீட்டில் எத்தனை பெரியவர்கள், எத்தனை குழந்தைகள், யார் நோயாளி. இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் உழைக்கிற ஆள் ஒரே ஒருவர் என்று இருந்தவை நாற்பத்தொன்று. அவற்றில் முப்பத்தாறில் அந்த ஒருவர் பெண். பெல்மோவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படிக்கப் படிக்க அத்தனை வீட்டையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

பேரவையில் அவள் முதல் வீட்டின் பேரைச் சொல்லும்போதே தலைமை தாங்கியவர் நிறுத்தினார். போன வருஷமே பதில் சொல்லியாயிற்று, உட்காருங்கள் என்றார்.

"நான் உக்காந்துக்கறேன் தாஷோ. விஷயம் உக்காராது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அன்று மதியம் ஆப் காடோ அவளைத் தேடி வந்தார். முந்தின வருஷம் கையை ஆட்டிக் கத்திய அதே மனிதர்.

"உன் ஜோங்கா இன்னும் காதைக் கிழிக்குது. ஆனா என் பொண்ணு புருஷன் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அவளும் பாலம் கட்டற வேலையிலதான் இருக்கா. உங்க ஊர்ல நாப்பத்தொண்ணா?" என்று கேட்டார்.

"நாப்பத்தொண்ணு."

"எங்க பக்கம் எவ்வளவுன்னு நான் எண்ணினதே இல்ல" என்றார். சொன்னபோது அவர் பெல்மோவின் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

அந்தக் கூட்டம் முடிவதற்குள் பெல்மோ சிமிகள் தங்கியிருந்த கொட்டகை கொட்டகையாகப் போனாள். எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான்: "உங்க ஊர்ல ஒத்தை ஆள் வீடு எத்தனை?" தெரியாதவர்களிடம், "எண்ணிட்டு வாங்க" என்றாள். சிலர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். ஒருவர், ஊரில் ஆண்பிள்ளைகளே இல்லையா என்று கேட்டார். "இருக்காங்க. மாடு கன்னு போடுதாம்" என்றாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆப் காடோ சொன்னார்.

மூன்றாம் வருஷம் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அவளைவிட நான்தான் அதிகமாக வாந்தி எடுத்தேன். மண்டபத்துக்குள் விட மாட்டார்கள். வெளியே குளிரில், மற்ற சிமிகளோடு வந்த சுமைக்காரர்களோடு வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே நடந்ததை அன்றே மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது இது.

இந்தத் தடவை பதினெட்டுச் சிமிகள் எண்ணிக்கையோடு வந்திருந்தார்கள். ஆப் காடோவின் பள்ளத்தாக்கில் ஐம்பத்து மூன்று. ஒருவர் பின் ஒருவராக எழுந்து சொன்னார்கள். பெல்மோ கேட்டது சுருக்கமாக இருந்தது: வீட்டை எண்ணாதீர்கள், உழைக்கிற ஆளை எண்ணுங்கள்.

மூத்த அதிகாரி ஒருவர் எழுந்தார். நிதானமான மனிதர், கெட்டிக்காரர்.

"நல்லது. வேலையை ஆள் கணக்குல வைக்கணும்ங்கறீங்க. ஊர்க்கூட்டத்துல ஓட்டு வீட்டுக்கு ஒண்ணு. அதையும் ஆள் கணக்குல வெச்சா? அஞ்சு ஆள் இருக்கற வீட்டுக்கு அஞ்சு ஓட்டு. உங்க விதவை வீட்டுக்கு ஒண்ணு. அவங்களுக்கு நஷ்டம்தானே? அதுக்குச் சம்மதமா?"

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆப் காடோவே கண்ணை மூடிக்கொண்டாராம், இதோடு போச்சு என்று.

பெல்மோ எழுந்தாள். "சம்மதம் தாஷோ. குடுங்க. ஆனா ஆளுன்னா பொம்பளையும் ஆளுதான். எங்க ஊர்ல ஓட்டு போடற இடத்துக்கு ஆம்பளைங்க வர்றதே வருஷத்துக்கு ஒரு தடவை. எண்ணிப் பாத்துட்டு யாருக்கு நஷ்டம்னு அப்புறம் பேசலாம்."

மண்டபம் மறுபடி சிரித்தது. கேள்வி கேட்ட அதிகாரியும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

ரகசிய ஓட்டு நடந்தது. ஆதரவு எண்பத்தொன்று, எதிர்ப்பு ஐம்பத்தெட்டு. ஆனால் முழுசாகக் கொடுக்கவில்லை. உழைக்கும் ஆள் ஒருவரே உள்ள வீடுகளுக்குப் பாதி நாள் தள்ளுபடி, அதுவும் அடுத்த வருஷத்திலிருந்து.

வெளியே வந்தவளைப் பார்த்து நான் துள்ளினேன். அவள் முகம் சிடுசிடுவென்று இருந்தது.

"பாதிதான் குடுத்தாங்க."

"பாதியாவது குடுத்தாங்களே பெல்மோ! ஆறு நாள் தும்ச்சோ வயல்ல இருப்பா!"

"மிச்ச ஆறு நாள் பன்னி வராதா?" என்றாள். பிறகு சாலையோரத்துக் கடையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் அரா குடித்தாள். இரண்டாவது கிண்ணத்தில்தான் சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கடைக்காரிக்கும் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தாள்.

மிச்சப் பாதிக்காக இன்னொரு மூன்று வருஷம் சிமியாக இருந்தாள். அந்தத் தடவை ஊர் அவளை விளையாட்டுக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. மிச்சமும் கிடைத்தது. அதற்குள் மோட்டார் சாலை எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. சிமி என்றால் பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம், திம்புவில் தங்க இடமும் படியும் உண்டு என்று ஆனதும், மூன்றாம் முறை எட்டுப் பேர் போட்டியிட்டார்கள். குப் நிதுப்பின் மருமகன் இரண்டு வீட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான். பெல்மோ அவனிடம் போய், என் எழுத்தில் இருந்த ஊர்க்குறைப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தாள். "இதுல இன்னும் பேசாதது ஒம்பது இருக்கு. படிச்சுட்டுப் போ" என்றாள். அவன் மூன்று வருஷமும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு முறை அவன் திரும்பி வந்ததும் ஊர்க்கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, "என்ன பேசினே?" என்று கேட்டாள். மூன்றாம் வருஷம் அவள் எழுவதைப் பார்த்ததும் அவனுக்கு வியர்த்துவிட்டது.

பிறகு காலம் மாறியது. கட்சிகள், தேர்தல், ஆளுக்கு ஒரு ஓட்டு எல்லாம் வந்தன. புதிய நாடாளுமன்றத்துக்கு நிற்க வேண்டுமானால் பட்டப்படிப்பு வேண்டும் என்றார்கள். பெல்மோவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கோட்டை அலுவலகத்துக்குப் போய் மனுத்தாள் கேட்டாள். அங்கிருந்த பெண் தயங்கித் தயங்கி விதியைச் சொன்னாள்.

"அம்மா, உங்களால முடியாது. பட்டம் இருக்கறவங்கதான்."

"ஆறு வருஷம் அங்க உக்காந்திருந்தேனே?"

"அது பழைய பேரவைம்மா."

"சரி, முடியாதுன்னு எழுதிக் குடு. சட்டத்துல எந்த வரியோ அதையும் போடு. நிக்கப் போறவங்ககிட்ட அந்த வரியைக் காட்டி நியாயமான்னு கேக்கணும்."

அந்தப் பெண்ணும் எழுதித்தான் கொடுத்தாள். நான் படித்துச் சொன்னேன். பெல்மோ அதை மடித்துக் கீரா உடையின் மார்ப்பக்கம் செருகிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுவதும் விறகு பிளந்தாள். தேவைக்கு மேல் பிளந்தாள்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, இரண்டு கட்சி வேட்பாளர்களும் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரே மேடையில் பேசினார்கள். ஒருவன் வக்கீல். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல உயரம், பளபளவென்று கோ அங்கி, தேன் போன்ற ஜோங்கா. பேசி முடித்ததும் கேள்வி இருக்கிறதா என்றார்கள். பெல்மோ எழுந்தாள்.

"தம்பி, நல்லாப் பேசினே. நாலு கேள்வி இருக்கு. முதல் கேள்வி, படிக்காதவங்க சட்டம் பண்ணக் கூடாதுன்னு இருக்கே, அது உனக்கு நியாயமாப் படுதா? சுத்தி வளைக்காம சொல்லு."

கூட்டத்தில் சலசலப்பு. அவன் புன்னகைத்தான். பக்கத்திலிருந்த ஆளைக் குனிந்து ஏதோ கேட்டான். பிறகு நிமிர்ந்து, "அம்மா, நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றான்.

அவள் யார் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. பாதி எழுந்தும்விட்டேன். பெல்மோ என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"ஓட்டுப் போடறவ" என்றாள். "நீ பதிலைச் சொல்லு. இன்னும் மூணு கேள்வி இருக்கு."